நட்டத்தைச் சுமப்பவர் யார்?

நொடித்த விமான நிறுவனத்தை அரசு தாங்குவது முறையா?

2012-இல் ஏர் இந்தியாவுக்கு நடுவண் அரசு ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய் முதலீடு தர இசைந்தது. ஆயினும் நட்டம் தீரவில்லை. 2022 சனவரியில் அது டாட்டா குழுமத்திடம் சென்றபோது, கடனில் பெரும்பகுதி அரசின் தலையிலேயே தங்கியது. விமானம் ஏறியறியாத ஏழையின் வரிப்பணமும் அதில் அடங்கும். பயணச் செலவைப் பயணிகளே ஏற்பதுதான் நீதி. அதனால் கட்டணம் உயரின் உயரட்டும்.

ஆனால், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊதியமின்றித் தவித்தனவே! 2020-இல் அமெரிக்க அரசு, ஊழியர் ஊதியத்திற்கென்றே விமான நிறுவனங்களுக்குப் பணம் அளித்து, செப்டம்பர் இறுதிவரை ஆட்குறைப்புக் கூடாதென நிபந்தனை விதித்தது.

கைதூக்க வேண்டியது நிறுவனத்தையன்று, உழைப்பாளியின் குடும்பத்தையே.