எங்கள் நிலத்தடியில் ஓடும் மஞ்சள்

பாலாற்றங்கரையில் பிறந்தது குற்றமா? ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை இருபது ஆண்டுக் காலம் ஓடியது. 1990-களின் நடுவில் உலையை அணைத்தார்கள், கதவைப் பூட்டினார்கள், போய்விட்டார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை வெட்டவெளியில் மேடாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். அடியில் தளம் இல்லை, மேலே கூரை இல்லை. அன்று பிறந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மண்ணுக்கும் அதன் கீழே கெட்டுப்போன தண்ணீருக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் இன்னும் ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள்.

அது வெறும் மண் மேடு என்று நினைக்கிறவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். குரோமைட் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உலையில் வறுப்பார்கள். வறுத்ததைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைந்து வருவதை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து சோடியம் பைகுரோமேட், அதிலிருந்து தோல் பதனிடும் குரோம் உப்பு. அந்த உப்பில் பதமான தோல்தான் காலணியாகவும் பையாகவும் கப்பலேறியது. கரையாமல் நின்ற சக்கை எங்களுக்கு. அந்தச் சக்கைக்குள் எடுக்கப்படாத, நஞ்சான ஆறு இணைதிற குரோமியம் இன்னும் இருக்கிறது. கூடவே இருக்கும் சுண்ணாம்பு அதை ஒரேயடியாக விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டுக்கணக்கில் கசியவிடுகிறது. மூன்று இணைதிற குரோமியம் என்றால் மண்ணில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஆறு இணைதிற வகை அப்படியல்ல. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துப் பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டால், பார்க்க ஓடுகிற ஊர் இது. தண்ணீருக்கு அப்படி ஏங்குகிறவர்கள் நாங்கள். அதே மழைதான் கழிவு மேட்டில் இறங்கி, மஞ்சளாக ஊறி, உளுத்த கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியே நிலத்தடிக்குப் போகிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் அந்த அளவை எத்தனை மடங்கு தாண்டியது என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. ஆனாலும் விஞ்ஞானிகள் வந்தார்கள். ஐதராபாத்திலிருந்து தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் வந்தது, நிலத்தடியில் நஞ்சு எந்தத் திசையில் நகர்கிறது என்று கணித்தது. 2006-ல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில், செர்னோபிலோடு சேர்த்து, எங்கள் ஊர்ப் பெயரையும் எழுதியது. உலகத்துக்கே தெரிந்த ஒன்று உள்ளூர் அலுவலகத்துக்கு மட்டும் கோப்பாகவே இருந்தால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

குரோமேட் வேலை உடம்பைத் தின்னும் என்பது நேற்றுக் கண்டுபிடித்ததா? 1827-லேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு மருத்துவர் குரோமேட் தொழிலாளர்களின் ஆறாத புண்களைப் பற்றி எழுதிவிட்டார். நாசித் தண்டில் ஓட்டை விழும், நுரையீரலில் புற்றுநோய் வரும் என்பதெல்லாம் மருத்துவப் புத்தகங்களில் ஏறிப் பல காலமாகிவிட்டது. அத்தனையும் தெரிந்துதான் உரிமம் கொடுத்தார்கள். அந்த உலைக்கு முன் நின்றவர்கள் எத்தனை பேர், இன்று எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்திருந்தால் அதை ஊருக்கு முன் வையுங்கள்.

இதில் என் நெஞ்சைப் பிளப்பது சட்டத்தின் கதை. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது எங்கள் பாலாற்று வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்பது அந்தத் தீர்ப்பிலேயே பதிவானது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டும் போதாது, கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் கெடுத்தவன் தலையில்தான் என்றார்கள். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயரைச் சொல்லித்தான் இதைப் பாடம் நடத்துகிறார்கள். 28 ஆண்டுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. நெறியைப் பெற்றுக்கொடுத்த மண்ணிலேயே நெறி நடக்கவில்லை என்றால் அதைப் பெற்றுத் தந்தவர்களுக்கு என்ன பதில்?

2015 ஜனவரி 31-ஐ மறந்துவிட்டீர்களா? இதே சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சகதித் தொட்டி உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சகதி பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பிழைக்க வந்தவர்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். சகதிக்குள்ளிருந்து உடல்களை எடுத்தார்கள். அந்தப் பத்துப் பேர் ஒரே இரவில் போனதால் செய்தியானார்கள். கிணற்றுத் தண்ணீர் வழியாக ஒருவன் இருபது வருடத்தில் செத்தால் அது செய்தி இல்லை, அவன் தலையெழுத்து என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள்.

முடியாத காரியம் என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் 1960-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவை, அரை நூற்றாண்டு கழித்து, ஆலையை நடத்திய நிறுவனத்தைக் கொண்டே தோண்டி அகற்ற வைத்தார்கள். வழியும் தெரிந்ததுதான். அன்னபேதியைக் கலந்தால் ஆறு இணைதிற குரோமியம் மூன்றாக மாறி அடங்கும். சுண்ணாம்பு ஏறிய கழிவில் அது எளிதில் நடக்காது, செலவு பிடிக்கும், பல காலம் கண்காணிக்க வேண்டும். தெரியும். அதனால்தான் மேலே நாலு லாரி செம்மண்ணைத் தட்டி, செடி நட்டு, படம் எடுத்துக்கொள்வதை நாங்கள் ஏற்க மாட்டோம். கழிவு கிடக்கிற இடத்தில் அடியும் மேலும் கசியாத காப்பு வேண்டும். கீழே ஏற்கெனவே இறங்கிவிட்ட நஞ்சை நீரோடு இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், ஓர் ஆண்டுக்கு அல்ல, தண்ணீர் தெளியும் வரை. செலவை ஆலையின் உரிமையாளர்களிடமிருந்தும் சொத்துகளிலிருந்தும் பிடியுங்கள். அவர்களைப் பிடிக்கும் வரை, உரிமம் கொடுத்த அரசு தன் கையிலிருந்து போடட்டும். நாங்கள் கட்டிய வரிதானே அது!

இதற்கெல்லாம் காலமாகும் என்பீர்கள். ஒன்றை நாளைக்கே செய்யலாம். சிப்காட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் எடுத்த தண்ணீரில் குரோமியம் எவ்வளவு என்பதை மாதாமாதம் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். பெண்கள் குடத்தோடு வரும்போது படிக்கிற உயரத்தில் எழுதுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.