சங்கு ஊதாத ஆலைகள்

மும்பையின் லோயர் பரேல் பகுதியில் ஒரு காலத்தில் பஞ்சாலைச் சங்கு பொழுதைப் பங்கிட்டுக் கொடுத்தது. சங்கு ஊதினால் வேலை தொடங்கும். மீண்டும் ஊதினால் ஒரு ஷிப்டு வெளியேறி அடுத்த ஷிப்டு உள்ளே வரும். அந்தச் சங்கு ஊதும் நேரத்தை முதலாளி மட்டுமே தீர்மானிக்க முடியாது என்ற நிலையை உருவாக்கியவை, 1928இன் மாபெரும் வேலைநிறுத்தமும் கிர்ணி காம்கார் யூனியன் போன்ற செங்கொடிச் சங்கங்களும் நடத்திய போராட்டங்களே. 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் களத்தில் நின்றனர். பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த நிலங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றில் விளம்பர, ஊடக நிறுவனங்கள் இயங்குகின்றன. அங்கே சங்கு ஊதுவதில்லை. ஆகவே வேலையும் முடிவதில்லை.

விளம்பர நிறுவனத்தில் வேலை தொடங்கும் நேரத்தை எவரும் சொல்லிவிடலாம். முடியும் நேரத்தை எவராலும் சொல்ல முடியாது. மாலை ஏழு மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு "சிறு திருத்தம்" வரும். மறுநாள் காலை அது தயாராக இருக்க வேண்டும். புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கான 'பிட்ச்' போட்டியில் பல நிறுவனங்களின் ஊழியர்கள் வாரக்கணக்கில் கண் விழிப்பார்கள். வெல்வது ஒரு நிறுவனம். மற்றவர்களின் உழைப்புக்குப் பெரும்பாலும் ஒரு காசும் இல்லை. ஐபிஎல், தீபாவளிக் காலங்களில் வார விடுமுறை என்பது பேச்சளவில் மட்டுமே இருக்கும். சமூக ஊடகங்கள் வந்த பின் எல்லா நாளும் தீபாவளியாகிவிட்டது.

இதில் ஒரு விந்தை உண்டு. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்பதை ஊழியர்கள் 'டைம்ஷீட்' என்னும் நேரப் பட்டியலில் நாள்தோறும் பதிய வேண்டும். வாடிக்கையாளரிடம் கட்டணம் பேசவும் லாபக் கணக்குப் பார்க்கவும் அந்தப் பட்டியல் பயன்படுகிறது. மிகைநேர ஊதியம் என்ற பேச்சு எழும்போது மட்டும் அதே மணிக்கணக்கு மறைந்துவிடுகிறது. படைப்பூக்கத்தை மணியால் அளக்க முடியாது என்கிறது நிர்வாகம். விற்கும்போது அளக்க முடிகிறது. கூலி கொடுக்கும்போது அளக்க முடியவில்லை. வேலைநாளை நீட்டி உபரி மதிப்பைப் பெருக்குவது என்று மார்க்ஸ் விளக்கியதன் கண்ணாடி அலுவலக வடிவம் இது.

'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் குறித்த அத்தியாயத்தில் 1863இல் லண்டனில் இறந்த ஒரு தையல் பெண்ணின் கதை வருகிறது. வயது 20. அரச விருந்துக்கான ஆடைகளை முடித்துத் தருவதற்காக 26½ மணி நேரம் இடைவிடாது உழைத்து மாண்டவர் அவர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2015 கிறிஸ்துமஸ் நாளில், ஜப்பானின் மாபெரும் விளம்பர நிறுவனமான டென்ட்சுவில் பணியாற்றிய 24 வயதுப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரே மாதத்தில் அவர் 100 மணி நேரத்துக்கும் மேல் மிகைநேரம் உழைத்திருந்தார். அது பணிச்சுமையால் நேர்ந்த மரணம் என்று ஜப்பான் தொழிலாளர் துறையே ஏற்றது. 1991இலும் அதே நிறுவனத்தின் இளம் ஊழியர் ஒருவர் இவ்வாறே இறந்தார். நிறுவனமே பொறுப்பு என்று 2000இல் ஜப்பான் உச்சநீதிமன்றம் கூறியது. அதற்குப் பின்னும் இரண்டாவது மரணம். 2017இல் விதிக்கப்பட்ட அபராதம் 5 லட்சம் யென். இந்திய மதிப்பில் ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய். எனினும் மக்களின் கோபம் வீண்போகவில்லை. மிகைநேரத்துக்குத் தண்டனையுடன் கூடிய உச்சவரம்பை 2018இல் ஜப்பான் சட்டமாக்க நேர்ந்தது.

இந்தியா எந்தத் திசையில் செல்கிறது? புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே 26 வயதுப் பெண் இறந்ததும், பணிச்சுமையே மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் எழுதிய கடிதமும் 2024இல் நாட்டை உலுக்கின. வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார்.

சட்டங்களும் முதலாளிகளின் விருப்பத்தையே பின்தொடர்கின்றன. மகாராஷ்டிராவின் 2017ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டது. மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்றது. 2025 செப்டம்பரில் அந்த 9 மணியை 10 ஆகவும், மூன்று மாதங்களுக்கான மிகைநேர வரம்பை 125 மணியிலிருந்து 144 ஆகவும் உயர்த்த மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு 29 சட்டங்களைக் கரைத்து நான்கு தொகுப்புகளை நடைமுறைப்படுத்தியது. தொழில் உறவுத் தொகுப்பின்படி, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவர் தொழிலாளியே அல்ல. நிர்வாகப் பணியாளரும் அல்ல. விளம்பர நிறுவனங்களில் இளைஞர்களுக்கு 'மேலாளர்' பட்டம் விரைவாகக் கிடைப்பதன் சூட்சுமம் புரிகிறதல்லவா?

'படைப்பாளி' என்ற பட்டமும் அப்படியே. விற்பனை மேம்பாட்டுப் பணி கற்பனையும் படைப்பூக்கமும் தேவைப்படும் வேலை. ஆகவே அதைச் செய்பவர் தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளி ஆகமாட்டார் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் கருதியது. மூளையைப் பயன்படுத்தியதே குற்றமாகி, உரிமை பறிபோனது. ஆனால் மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் முடங்கிவிடவில்லை. கழுத்துப்பட்டை அணிந்தவர்களுக்குச் சங்கமா என்ற கேலியைத் தாண்டி அவர்கள் திரண்டனர். 1976இலேயே விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கெனத் தனிச் சட்டத்தைப் பெற்றிருந்தனர். இன்றைய தொகுப்பிலும் தொழிலாளி என்ற வரையறைக்குள் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களைச் சேர்க்க வேண்டியிருந்ததென்றால், அது அந்தப் போராட்டத்தின் பலன்.

இதே கேலி நம் அணிகளுக்குள்ளும் ஒலிப்பதை மறைக்க வேண்டியதில்லை. குளிரூட்டப்பட்ட அறை, கைநிறையச் சம்பளம், முதலாளிகளின் சரக்குக்குத் துதி பாடும் தொழில். இவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. விளம்பரத்தின் பொய்களை நாம் விமர்சிக்கிறோம், தொடர்ந்து விமர்சிப்போம். ஆனால் எதை உற்பத்தி செய்வது என்பதைத் தீர்மானிப்பவர் தொழிலாளி அல்ல. உழைப்புச் சக்தியை விற்றே வாழ வேண்டியவர், அதன் நேரத்தின் மீது அதிகாரம் அற்றவர், நாளையே வெளியேற்றப்படக்கூடியவர், அவர் கையில் தறி இருந்தாலும் மடிக்கணினி இருந்தாலும், உழைப்பாளிதான். 2025 இறுதியில் ஆம்னிகாம், ஐபிஜி என்ற இரு உலக விளம்பரப் பெருநிறுவனங்கள் ஒன்றானபோது 4,000க்கும் மேற்பட்ட வேலைகள் போகும் என அறிவிக்கப்பட்டது. "நாம் ஒரே குடும்பம்" என்று சொல்லும் தொழிலில் குடும்ப உறுப்பினர்கள் இப்படித்தான் கணக்குத் தீர்க்கப்படுகிறார்கள்.

முதலாளிகள் ஏமாறவில்லை. இந்திய விளம்பர நிறுவனங்களின் சங்கம் 1945இலேயே அமைந்துவிட்டது. சங்கம் பழைய காலத்துச் சமாச்சாரம் என்ற உபதேசம் ஊழியர்களுக்கு மட்டும்தான். அந்த உபதேசத்தைப் பெங்களூருவின் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் உடைத்துக் காட்டியுள்ளனர். 2024இல் வேலைநாளை 14 மணி நேரம் வரை நீட்ட வழிசெய்யும் திட்டம் கர்நாடகத்தில் முன்வைக்கப்பட்டபோது, அவர்களுடைய சங்கமான கிட்டு வீதிக்கு வந்தது, அரசு பின்வாங்கியது.

கோரிக்கைகள் தெளிவானவை. நேரப் பட்டியலே மிகைநேர ஊதியத்துக்கும் ஆதாரமாக வேண்டும். பட்டம் எதுவாயினும், பிறரை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரமற்ற அனைவரும் தொழிலாளியாகக் கருதப்பட வேண்டும். பணி நேரத்துக்குப் பின் அழைப்புகளுக்குப் பதிலளிக்காதிருக்கும் உரிமை தனிநபர் மசோதாவாக முடங்கிவிடாமல் சட்டமாக வேண்டும். ஊதியமற்ற பிட்ச் உழைப்புக்கு முடிவு கட்ட வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை எடுத்துச் செல்ல நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மும்பையிலும் பெங்களூருவிலும் குர்கானிலும் நள்ளிரவில் மடிக்கணினி முன் அமர்ந்திருப்பவர்களில் நம் தோழர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "இன்னும் சாப்பிடவில்லையா?" என்று தொலைபேசியில் கேட்பதோடு பெற்றோரின் கவலை முடிந்துவிடலாம், இயக்கத்தின் கடமை முடியாது. எட்டு மணி நேர வேலை எவர் கொடுத்த தானமும் அல்ல என்பதையும், சங்கு தானாக ஊதாது என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.