பெயரை மாற்றினால் போதுமா?

இன, மத அடையாளம் கொண்ட கட்சிகளைத் தேர்தலில் அனுமதிக்கக் கூடாது என்ற குரல் நாட்டில் அவ்வப்போது எழுகிறது. பெயரை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்மவர்களில் சிலரே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கட்சியை வெளியே நிறுத்தத் தடைச் சட்டம் வேண்டியதில்லை. வெட்டுப்புள்ளி ஒன்றே போதும்.

துருக்கியில் 2002 தேர்தலில் குர்திஷ் மக்களின் கட்சி 6 வீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றது. ஆசனம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காரணம், அங்கிருந்த 10 வீத தேசிய வெட்டுப்புள்ளி. இத்தனைக்கும் இரு தரப்பாரும் முஸ்லிம்கள்தான்!

நமது 1978 யாப்பில் மாவட்ட வெட்டுப்புள்ளி 12.5 வீதமாக இருந்தது. 1988 ஜனாதிபதித் தேர்தலின்போது மர்ஹூம் அஷ்ரப் பிரேமதாசவுடன் பேரம் பேசி அதை 5 வீதமாகக் குறைக்கச் செய்தார். அதை மீண்டும் 12.5 ஆக்க 2020 இல் விஜயதாச ராஜபக்ஷ தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். குருநாகல் மாவட்டத்தில் நாம் சுமார் 7 வீதம். அந்தச் சட்டமூலம் நிறைவேறியிருந்தால் அங்கு நமது கட்சி எந்தப் பெயரில் தனித்துக் கேட்டாலும் எண்ணிக்கையில் சேராது.

அமைச்சுக்காகத் தாவிய நமது தலைவர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. அவர்களைத் தோற்கடிக்க வேண்டியது நாம், வெட்டுப்புள்ளி அல்ல.