தெரிந்த பெயரில் வரும் தீங்கு



இரவு பத்து மணிக்கு மேல் வாசற்கதவு தட்டப்பட்டால், "யாரது?" என்று கேட்ட பின்னரே தாழ்ப்பாளை நீக்குகிறோம். "நான்தான் மாமி" என்று பதில் வந்தாலும், அது பழகிய குரல்தானா என்று ஒரு கணம் செவிமடுக்கிறோம். கணிப்பொறியின் முன் அமர்ந்ததும் இந்த எச்சரிக்கை எங்கோ போய்விடுகிறது. தெரிந்தவரின் பெயரும் படமும் இருந்தால் போதும், எதையும் திறந்துவிடுகிறோம். சமூக வலைத்தளங்கள் வழியே வரும் நச்சு நிரல்கள் நம்பியிருப்பது இந்த ஒரு பழக்கத்தைத்தான்.

2008-ஆம் ஆண்டில் 'கூப்ஃபேஸ்' என்றொரு நச்சு நிரல் பரவிற்று. ஃபேஸ்புக் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி வைத்த பெயர் அது. அதன் தந்திரம் மிக எளியது. நண்பர் ஒருவரின் கணக்கிலிருந்து, 'இந்தக் காணொளியைப் பார்' என்று ஓர் இணைப்பு வரும். சொடுக்கினால் யூடியூபைப் போன்ற ஒரு போலிப் பக்கம் திறக்கும். படம் ஓடாது, ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பித்தால்தான் ஓடும் என்று ஓர் அறிவிப்பு மட்டும் தோன்றும். புதுப்பிப்பு என்று எண்ணி நிறுவப்பட்டது நச்சு நிரல்! பின்னர் அவருடைய கணக்கிலிருந்தே அவருடைய நண்பர்களுக்கும் அதே செய்தி செல்லும். அனுப்பியவரை நாம் குறைகூற இயலாது. தம் பெயரால் ஒன்று சென்றதையே அவர் அறியார்.

இதனினும் வேடிக்கை ஒன்றுண்டு. புதிய கணக்குத் தொடங்குகையில், 'நீர் மனிதர்தாமா?' என்று சோதிக்க வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டுவார்கள் அல்லவா? அவ்வெழுத்துகளை இந்நிரல் பாதிக்கப்பட்டவரின் திரையிலேயே காட்டி, மூன்று நிமிடத்திற்குள் தட்டச்சு செய்யாவிடில் கணிப்பொறி நின்றுவிடும் என்று மிரட்டியது. பயந்து தட்டியவர்கள், தம்மை அறியாமலேயே அக்கும்பலுக்குப் போலிக் கணக்குகள் திறந்து கொடுத்தார்கள். கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஓராண்டில் அவர்கள் ஈட்டியது 20 இலட்சம் டாலருக்கும் மேல். போலி வைரஸ் தடுப்பு மென்பொருளை விற்றதும் அவ்வருவாயில் அடங்கும். நோயைக் கொடுத்தவனே மருந்தும் விற்றிருக்கிறான்! 2012 ஜனவரியில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஐவரின் பெயர்கள் பகிரங்கமாயின.

ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவே 2020 இறுதியோடு முடிந்துவிட்டது. எனவே இன்று எவரேனும் அதை நிறுவச் சொன்னால் அது மோசடி என்பதில் ஐயமில்லை. ஆயினும் தந்திரம் சாகவில்லை, உடையை மாற்றிக்கொண்டது. இப்போது அது திருமண அழைப்பிதழாக வாட்ஸ்அப்பில் வருகிறது. 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசக் காவல்துறை இதுபற்றி எச்சரித்தது. நிகாஹ், வலீமா அழைப்புகளைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடும் நம் குடும்பங்களுக்கு இது அயலார் சங்கதி அன்று. அழைப்பிதழ் படமாகவோ, காணொளியாகவோ, பி.டி.எஃப். ஆகவோதான் இருக்கும். கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அன்று, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெற்றுவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் களவு போகும்.

கணிப்பொறியில் இதற்கு இணையானது 'இ.எக்ஸ்.இ.' என்று முடியும் கோப்பு. விண்டோஸ் வழக்கமாக இந்த வாலை மறைத்தே காட்டும் என்பதால், 'கல்யாணப் படம்' என்று மட்டும் கண்ணில் படும். கோப்புகளின் முழுப்பெயரைக் காட்டும் அமைப்பை இன்றே இயக்கி வையுங்கள். பிள்ளைகள் பயன்படுத்தும் கணக்கு, மென்பொருள் நிறுவும் உரிமையற்ற சாதாரணக் கணக்காக இருக்கட்டும். ஏதேனும் நிறுவ முயன்றால் பெரியவரின் கடவுச்சொல்லைக் கேட்கும். வாப்பாவின் கடவுச்சொல் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்றால் இந்த ஏற்பாடு பயன் தராது! விண்டோஸிலேயே வைரஸ் தடுப்பு இருக்கிறது. அதை அணைக்காமலும், புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாமலும் இருந்தால் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றதையும் நினைவிற் கொள்க.

ஐயம் எழுந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அதே உரையாடலில் எழுதிக் கேட்பதில் பயனில்லை. கணக்கைக் கைப்பற்றியவனே 'ஆம், நான்தான்' என்று பதில் எழுதுவான்.

தவறி நிறுவிவிட்டீர்களாயின், முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் அறிவியுங்கள். பிறகு, உங்கள் பெயரால் வந்த எதையும் திறக்க வேண்டாம் என்று உறவினர்க்கெல்லாம் சொல்லுங்கள். ஊர் சிரிக்குமே என்று பலரும் இதை மறைத்து விடுகின்றனர். அந்த ஓரிரு நாள் மௌனத்தில்தான் அடுத்த பத்து வீடுகளுக்கு அது பரவிவிடுகிறது.