மீசான் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்



ரெண்டு மூணு கிழமையாக வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு வொய்ஸ் கட் சுற்றுகிறது. கபுறில் நடுகிற கல்லை "மீசான்" என்று சொல்வது பிழையாம். மீசான் என்பது மறுமையில் அமல்களை நிறுக்கும் தராசாம். அதைக் கல்லுக்கு வைத்தது நம் மூத்தவர்களின் அறியாமையாம். இனி "கல்லறைக் கல்" என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

தமிழ் படிப்பிக்கிறவன் நான். சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அரபியில் மீஸான் என்றால் தராசுதான், அதில் பேச்சில்லை. ஆனால் அரபிகள் கபுறுக் கல்லை 'ஷாஹித்' என்பார்கள், அதாவது சாட்சி. அப்படியென்றால் நம் சொல்லுக்கு வேறு வழியையும் பார்க்கத்தானே வேண்டும்? பாரசீகத்தில் 'நிஷான்' என்றால் அடையாளம். கொம்பனித்தெரு மலாய்க்காரரிடம் கேளுங்கள், 'பாத்து நிசான்' என்பார்கள். பாத்து என்றால் கல். ஜாவா மொழியில் அதே பொருளில் 'மயேசான்' என்று ஒரு சொல் இருக்கிறது. கேரளத்து மாப்பிள்ளைமார் 'மீசான் கல்லு' என்கிறார்கள். நம் கிழக்கு மாகாணத்தார் 'மீசான் கட்டை' என்கிறார்கள். கடற்கரை கடற்கரையாக ஓடிய சொல் இது. அடையாளம் என்ற பொருளோடு வந்தது, காதுக்குப் பழகிய அரபுச் சொல்லின் உருவத்தை எடுத்துக்கொண்டது என்பது என் கணிப்பு. அறியாமை என்று தூக்கி எறிய இதில் ஒன்றுமில்லை.

உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கபுறில் தலைமாட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் கல் வைத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. எதற்காக வைத்தார்கள்? அடையாளத்துக்குத்தான்.

எழுதலாமா கூடாதா என்பது வேறு மஸ்அலா. அதை உலமாக்கள் பேசட்டும். சொல்லை மாற்றச் சொல்வதற்கு மட்டும்தான் என் மறுப்பு. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க அயலவருக்குக் கல்லறை என்பது அருமையான சொல், அது அவர்கள் வாயில் வளர்ந்தது. வெள்ளவத்தையில் இருக்கிற யாழ்ப்பாணத்து அயலவர்கள் அந்தியேட்டிக்குப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் இறந்தவர் மீது பாடிய பாட்டுக்குப் பெயர் 'கல்வெட்டு'. கடதாசியில்தான் இருக்கிறது, ஆனாலும் கல்வெட்டு! அவர்களிடம் போய் இது பிழை என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்று. இந்த ஊரில் நம் இருப்புக்குப் பழைய சாட்சி ஒரு மீசான்தான். கொழும்பு மையவாடியில் இருந்த கூஃபி எழுத்துக் கல், காலித் இப்னு அபூ பகாயா என்பவருடையது, 10ஆம் நூற்றாண்டு. ஒல்லாந்த அதிகாரி ஒருவர் அதைப் பெயர்த்துத் தன் வீட்டு வாசற்படிக்குப் போட்டாராம். பிறகு சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதன் பிரதியைச் சீமைக்கு அனுப்ப, கேம்பிரிஜ் அரபுப் பேராசிரியர் செமுவேல் லீ வாசித்தார். 1827இல் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டி வெளியிட்டது. நேற்று வந்தவர்கள் என்று நம்மைச் சொல்கிறவர்களுக்கு அந்த ஒரு கல் போதும்.

மீசான் இல்லாமல் போவது என்றால் என்ன என்று நமக்கு 2020இல் விளங்கியது. கொரோனா என்று சொல்லி ஜனாஸாக்களை எரித்தார்கள். இருபது நாள் குழந்தையையும் விடவில்லை. பொரளை கனத்தை வேலியில் கபன் துணித் துண்டுகளைக் கட்டினோமே, மறந்துவிட்டதா? 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க விட்டார்கள். அதற்கு முன் போனவர்களுக்கு ஒரு கல் நட இடமில்லை. கொழும்பில் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் ஸியாரத்துக்குப் போக ஒரு கபுறு இல்லை. அந்த வீட்டாரிடம் போய் மீசான் என்ற சொல் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு வேண்டுகோள். ஜாவத்தையிலோ குப்பியாவத்தையிலோ உங்கள் குடும்பத்துப் பழைய மீசான் இருந்தால், எழுத்து தேய முன்னம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அரபுத்தமிழில் இருந்தால் கொமென்ட்டில் போடுங்கள், சேர்ந்து வாசிப்போம்.