விடைபெறும் நாள்

திருக்கோயில்களில் பெருவிழாவைத் தொடங்கக் கொடியேற்றம் இருப்பதுபோல, நிறைவு செய்யவும் தீர்த்தவாரி, கொடியிறக்கம், விடையாற்றி என்று முறைகள் உண்டு. வரவழைத்த தேவர்களுக்கு உரிய மரியாதையோடு விடை கொடுத்த பின்னரே விழா முடிந்ததாகக் கொள்வர். நாமோ பயணம் புறப்படும்போது நல்ல நேரம் பார்க்கிறோம். திரும்பும் நாளுக்கு ஒரு முறையும் வைத்துக்கொள்வதில்லை. பெட்டிகளை அடைப்பதிலும் கடைகளில் அலைவதிலும் அந்த நாள் கரைந்துபோகிறது.

சென்ற ஆண்டு மகனின் குடும்பத்தோடு மொரீஷியஸ் தீவில் ஆறு நாட்கள் தங்கியிருந்தோம். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள சிறு தீவு அது. நீலக் கடல், பவளப் பாறைகள், கண்ணுக்கு எட்டிய வரை கரும்புத் தோட்டங்கள். எரிமலைப் பள்ளத்தில் அமைந்த ஏரிக்கு 1972-ஆம் ஆண்டு கங்கை நீரைக் கொண்டு வந்து சேர்த்து, 'கங்கா தலாவ்' என்று பெயரிட்டு வழிபடுகிறார்கள். அதையும் தரிசித்தாயிற்று. கடைசி நாள் விமானம் இரவில்தான். "கடைவீதிக்குப் போகலாமா, கடற்கரையிலேயே இருந்துவிடலாமா அப்பா?" என்று மகன் கேட்டான்.

நான் அப்போது கையில் மிஞ்சியிருந்த அந்நாட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். வங்கியில் 35 ஆண்டுகள் பணியாற்றியவனுக்கு எந்த ஊர் நோட்டையும் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. அவர்களுடைய நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர், தமிழ் வம்சாவளியில் வந்த வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ரெங்கநாதன் சீனிவாசன். நோட்டில் தொகை தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. 1998-இல் வெளியான நோட்டுகளில் இந்திக்குப் பின்னால் தமிழ் வைக்கப்பட்டது. தங்கள் முன்னோரே முன்பு வந்தவர்கள் என்று அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தனர். அரசு அந்நோட்டுகளை விலக்கிக்கொண்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிட்டது. பெங்களூரில் வளரும் என் பன்னிரண்டு வயதுப் பேரன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. "இங்கே யார் தாத்தா தமிழில் கேட்டார்கள்?" என்றான். அந்தக் கேள்விக்கு விடை காட்டுவதென்றே கடைசி நாளை ஒதுக்கினோம்.

தலைநகரான போர்ட் லூயியில், துறைமுகத்தை ஒட்டி 'ஆப்ரவாசி காட்' என்னும் பழைய கட்டடங்கள் உள்ளன. 1834-இல் தொடங்கி, அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,50,000 பேர். கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து அவர்கள் கப்பலேறினார்கள். பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். 1849-இல் அமைக்கப்பட்ட இந்த இடத்தில் இறங்கி, பதினாறு கற்படிகளில் ஏறி, ஓரிரு நாட்கள் தங்க வைக்கப்பட்டு, தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2006-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

படிகளின் எதிரே என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். "இது கோயில் இல்லையே பாட்டி" என்றான் பேரன். "ஐந்து வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தானே ஏறியிருப்பார்கள்" என்று மட்டும் சொன்னாள். அப்படி வந்தவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை. என் சட்டைப்பையில் இருந்த திரும்புகாலச் சீட்டு அந்த நேரத்தில் கனத்தது.

ஊர் திரும்ப வழியில்லாதவர்கள் தங்கள் தெய்வங்களை மறக்கவில்லை. கரும்புத் தோட்ட ஓரங்களில் சிறு மேடை கட்டி, கல்லை நட்டு, 'காளிமாயி' என்று கும்பிட்டார்கள். பின்னர் கோபுரம் வைத்த கோயில்கள் எழுந்தன. இன்று தைப்பூசக் காவடித் திருநாள் அந்நாட்டில் அரசு விடுமுறை. பத்து நாட்கள் விரதமிருந்து காவடி எடுக்கிறார்கள்.

அங்கிருந்து சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோயிலுக்குச் சென்றோம். 'கைலாசோன்' என்றால் நகரத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. பிராகாரத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பாடல் முழுவதும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தமிழ் பேசத் தெரியாது. ஆனால் பண் பிசகவில்லை.

எங்களைக் கண்டதும், நெடுநாளாகக் காத்திருந்தவர்போல் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து ஆங்கிலத்தில் பொருள் கேட்டார். 'தஞ்சம்' என்பது அந்தச் சொல். என் மனைவி தமிழில் சொல்ல, பேரன் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னான்: "வேறு போக்கிடம் இல்லாதவருக்குக் கிடைக்கும் இடம்." அம்மையார் அதைச் சொல்லுக்கு மேலே குறித்துக்கொண்டார். பிறகு இன்னொரு சொல், இன்னொரு பாடல். அரை மணி நேரத்துக்கு மேல் மூவரும் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பொருள் தெரியாமலே ஆயுள் முழுவதும் பாடிய அவரையும், பொருள் தெரிந்தும் பாடாமல் இருக்கும் நம் வீடுகளையும் நினைத்துப் பார்த்தேன். பேரனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை அந்த அம்மையார் சொல்லிவிட்டார்.

இந்த வயதில் வெளிநாடு சென்று வரும் அன்பர்களுக்குச் சில யோசனைகள். பெட்டிகளை முதல்நாள் இரவே கட்டிவிடுங்கள். மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சேரும்படி கணக்கிட்டு, எஞ்சிய நேரத்தில் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு மரியாதை செலுத்த ஓர் இடமும், இறைவனிடம் விடைபெற ஓர் ஆலயமும் போதும். நம் முழங்கால்களுக்கும் அதுவே அளவு. அந்நிய நாட்டு நாணயங்களைப் பணமாற்று நிலையங்கள் பெரும்பாலும் வாங்குவதில்லை. ஊருக்குக் கொண்டுவந்தால் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். உண்டியலில் சேர்த்துவிடுங்கள். நாங்களும் அப்படியே செய்தோம்.

நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மட்டும் பேரன் கேட்டு வாங்கிக்கொண்டான். அதில் உள்ள தமிழ் எழுத்துகளைப் படிக்க, இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் பாட்டியிடம் பாடம் நடக்கிறது. இதுவரை உயிரெழுத்துகள் முடிந்திருக்கின்றன.