யாருடைய கைமணம்?

பத்திரிகைகளில் 'அம்மாவின் கைமணம்' எழுதுகிறார்கள். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், மாவடு, நெய் ஊற்றிய பருப்புச் சோறு. இதுதான் தமிழர் சமையல் என்று நாமும் நம்ப வேண்டும். எங்க அம்மாவுக்கும் கை உண்டு, மணமும் உண்டு. அதற்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

எனவே இங்கே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு கூறு மாட்டுக்கறியைப் பூவரசு இலையில் கட்டி வாங்கி வருவார். மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து அம்மா வெயிலில் காயப்போடும். காக்கா விரட்டுவது என் வேலை. மழைக்காலத்தில் கூலி வேலை இருக்காது. அப்போ அந்த உப்புக்கண்டத்தில் ரெண்டு துண்டைத் தணலில் சுட்டு, தட்டி, கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கக் கொடுக்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தால் எலும்பு ரசம். தேறிய உடம்பு இது.

"யாராச்சும் கேட்டா ஆட்டுக்கறின்னு சொல்லுடா." இதையும் அம்மாதான் சொல்லிக்கொடுத்தது. ருசியோடு பயத்தையும் சேர்த்தே ஊட்டினார்கள்.

இப்போது வங்கியில் மதியச் சாப்பாட்டு மேஜை. "என்ன சார், வாசனை தூக்குது?" "மட்டன் சார்." பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, வேலைக்கு வந்த பிறகும் அதே பொய். யூனியன் கூட்டத்தில் கத்துகிற வாய், டிபன் பாக்ஸைத் திறந்தால் மூடிக்கொள்கிறது.

இது என் ஒருத்தனுடைய கூச்சமா? 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்த மாவட்ட நிர்வாகம், மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தது. மாட்டுக்கறி தின்கிறவன் வரி கட்டவில்லையா?

நம்ம தோழர்கள் சிலரே சொல்கிறார்கள்: "அதை விட்டுட்டா மதிப்பு வரும். அம்பேத்கரே சொன்னாரே." 1927இல் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை. ஆண்டை வீட்டில் செத்ததை இழுத்துப்போடும் அடிமை வேலையோடு ஒட்டிவந்த உணவு அது. அதே அம்பேத்கர் 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், பார்ப்பனர்களும் ஒரு காலத்தில் மாட்டிறைச்சி தின்றவர்களே என்று அவர்களுடைய நூல்களைக்கொண்டே காட்டினார். கறியை விட்டுச் சைவமான நம்மாட்களுக்கு ஊர்த்தெருவில் வீடு கிடைத்ததா? சாதி சட்டியில் இல்லை தோழர்களே, எட்டிப் பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது.

வறுமையை நான் புனிதமாக்கவில்லை. மலிவாகக் கிடைத்ததால்தான் குடலும் கொழுப்பும் எங்கள் வீட்டுக்கு வந்தன. கிடைத்ததை ருசியாக்கியது எங்க அம்மாவின் அறிவு. அந்த அறிவை ஒளித்துவைத்துவிட்டு என்ன விடுதலை பேசுவது?

மாணவத் தோழர்களே, உங்க வீட்டு அடுப்பை எழுதுங்கள். பெயர் மாற்றாமல் எழுதுங்கள். நானும் நாளைக்கு அந்த மேஜையில் மாற்றிச் சொல்லப்போவதில்லை. "மாட்டுக்கறி சார். எங்க அம்மா செஞ்சது. ஒரு துண்டு வைக்கட்டுமா?"